காப்பி அடிச்சுதான் கத்துக்கிட்டாங்க: லூவ்ர் மியூசியத்தின் ஓவிய மாணவர்கள்

காப்பின்னாலே நமக்கு எக்ஸாம் ஹாலும் பிட்டும்தான் ஞாபகம் வரும். ஆனா 19ஆம் நூற்றாண்டு பாரிஸ்ல, ஆயில் பெயின்டிங் கத்துக்க காப்பி அடிக்கிறதுதான் முறையான வழி. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஒரு ஆச்சரியம். பாரிஸின் புகழ்பெற்ற அரசு நுண்கலைப் பள்ளியில 1863 வரைக்கும் ஆயில் பெயின்டிங் வகுப்பே கிடையாது. டிராயிங்தான் பிரதானம். வண்ணம் பழகணும்னா ஏதாவது ஒரு ஓவியரோட பட்டறையில சேரணும். இல்லைன்னா லூவ்ர் மியூசியத்துல பழைய மாஸ்டர்களோட படத்துக்கு முன்னாடி ஈசலைப் போட்டு உட்காரணும்.

எட்கர் டெகா 1855ல அந்தப் பள்ளியில் சேர்ந்தவர். 1860களின் தொடக்கத்துல அவர் லூவ்ரில் எடுத்துக்கிட்ட படம், 17ஆம் நூற்றாண்டு ஓவியர் நிக்கோலா பூசான் வரைந்தது. ரோம் நகரத்தின் ஆரம்பக் கதை அது. புது ஊர்ல பெண்கள் இல்லை. ரோமுலஸ் பக்கத்து ஊர் சபைன் மக்களை விழாவுக்கு அழைக்கிறார். அவர் மேலங்கியைத் தூக்கிச் சைகை காட்டினதும், வீரர்கள் பெண்களைக் கவர்ந்துட்டுப் போறாங்க. கொடூரமான காட்சி. சுமார் 2 மீட்டர் அகலப் படம் முழுக்க முறுக்கிய உடல்கள், இழுபடும் கைகள். டெகா கிட்டத்தட்ட அதே அளவுல காப்பி செஞ்சார்.

இதுல என்ன கஷ்டம்? ஆயில் பெயின்டிங் அடுக்கடுக்கா வளர்ற விஷயம். அடியில ஒரு பூச்சு, அதுமேல நிழலும் வெளிச்சமும், கடைசியா கண்ணாடி மாதிரி மெல்லிய வண்ணப் படலம். கீழ் அடுக்குல எண்ணெய் கம்மியா இருக்கணும், மேலே போகப்போகக் கூடணும். மாத்திப் போட்டா பின்னாடி வெடிப்பு விடும். ஆனா சுவர்ல தொங்குற படத்துல நமக்குத் தெரியறது முக்கியமா மேல் அடுக்குதான். எங்க வேலைல சொல்லணும்னா, ஆப் கையில இருக்கு, கமிட் ஹிஸ்டரி இல்லை. எது முதல்ல வந்துச்சு, எது அப்புறம் வந்துச்சுன்னு ஊகிச்சு, தன் கையால மறுபடி கட்டிப் பார்க்கணும். சும்மா நின்னு ரசிச்சா இது பிடிபடாது.

டெகாவுக்குப் பள்ளியும் இருந்தது, லூவ்ரும் இருந்தது. பெர்த் மோரிசோவுக்கு? அந்தப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கிட்டதே 1897லதான். மாடலை நிக்க வச்சு மனித உடலை வரையப் பழகுறது, வசதியான குடும்பத்துப் பெண்ணுக்கு நடக்காத காரியம். ஆனா லூவ்ரில் காப்பி செய்யப் பெண்களுக்கும் அனுமதி உண்டு. 1858ல ஆசிரியர் ஜோசஃப் கிஷார், பெர்த்தையும் அவர் அக்கா எட்மாவையும் அங்கே அழைச்சுட்டுப் போனார். வெரோனீஸ் வரைந்த பைபிள் காட்சிகளைக் காப்பி செஞ்சு, கூட்டத்தையும் உடலையும் பெர்த் பழகினார். மூடின கதவுக்கு வெளியே நின்னவங்களுக்கு அந்த மியூசியம்தான் வகுப்பறை.

1874ல, பின்னாடி இம்ப்ரெஷனிஸ்ட்டுகள்னு பேர் வாங்கின குழு தன் முதல் கண்காட்சியை வச்சப்போ, டெகா, பெர்த் மோரிசோ ரெண்டு பேரும் அதுல இருந்தாங்க. பழைய விதிகளை உடைச்சவங்கன்னு நாம கொண்டாடுறவங்க, அந்த விதிகளை வருஷக்கணக்கா கையால எழுதிப் பார்த்தவங்க. அதனாலதான், ஒரிஜினலா இருக்கணும்னு முதல் நாளே பதறுற ஜூனியர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்றேன்.

லூவ்ர்ல இன்னைக்கும் அனுமதி வாங்கிட்டுக் காப்பி செய்யலாம். ஒரு கண்டிஷன்: ஒரிஜினல் அளவுலயே வரையக்கூடாது. டெகாவோட காப்பி இப்போ கலிஃபோர்னியாவின் நார்டன் சைமன் மியூசியத்துல இருக்கு. பூசான் படத்தையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்கே வித்தியாசம் தெரியுதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!