சூறாவளிப் பருவத் தானுந்து முன்னேற்பாடு

சூறாவளிப் பருவத் தானுந்து முன்னேற்பாடு என்பது, சூறாவளி தாக்கக்கூடிய கரையோரங்களில் வாழ்வோர் தமது தானுந்தை (கார்) வெளியேற்றத்துக்கும் வெள்ளத்துக்கும் ஏற்ப முன்கூட்டியே ஆயத்தப்படுத்தி வைப்பதைக் குறிக்கும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவின் அத்திலாந்திக்கு, மெக்சிக்கோ வளைகுடாக் கரையோர மாநிலங்களில் உள்ள நடைமுறையை விளக்குகிறது. அங்கு சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிக்கும். ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் வரை அது உச்சத்தில் இருக்கும்.

பின்னணி

2005 செப்டம்பரில் ரீட்டா சூறாவளி டெக்சாசை நெருங்கியபோது, ஹியூஸ்டன் நகரிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ ஒரே வேளையில் புறப்பட்டனர். முந்தைய மாதம் கத்ரீனா சூறாவளி விளைவித்த பேரழிவு ஏற்படுத்திய அச்சமும் இதற்கு ஒரு காரணமாகும். நெடுஞ்சாலைகள் தேங்கி, வண்டிகள் கடும் வெப்பத்தில் பல மணி நேரம் நின்றன. பெட்ரோல் தீர்ந்த வண்டிகள் சாலையோரத்தில் கைவிடப்பட்டன. எரிபொருளைச் சேமிக்கக் குளிரூட்டியை நிறுத்தியவர்கள் வெப்பத்தால் பாதிக்கப்பட்டனர். முதியோர் இல்லவாசிகளை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று டாலஸ் அருகே தீப்பற்றியதில் 23 பேர் இறந்தனர். வெளியேற்றத்தின்போது இறந்தோர் தொகை, சூறாவளியின் நேரடித் தாக்கத்தால் இறந்தோர் தொகையைக் காட்டிலும் பன்மடங்கு கூடுதலாகும். புயலிலிருந்து தப்ப உதவும் தானுந்தே இடர் மிகுந்த இடமாக மாறக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

பருவம் தொடங்குமுன்

* பேட்டரி, பிரேக், முகப்பு விளக்குகள், மழைநீர் துடைப்பான் ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன.
* டயரின் காற்றழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அளவுடன் ஒப்பிடப்படுகிறது. பெரும்பாலான மாநிலங்களில் டயர்ப் பள்ளத்தின் சட்டப்படியான குறைந்த ஆழம் ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் ஆகும். ஈரச் சாலையில் பிடிப்புக் கிடைக்க இதனினும் கூடுதலான ஆழம் நல்லது. மாற்று டயரிலும் காற்று இருத்தல் வேண்டும்.
* வீடு எந்த வெளியேற்ற வலயத்தில் உள்ளது என்பது அறிந்துகொள்ளப்படுகிறது. கடல்நீர் உட்புகும் வலயத்தைவிட்டு உள்நாட்டில் சில பத்து மைல்கள் தள்ளியுள்ள பாதுகாப்பான கட்டிடத்தை அடைவதே பல வேளைகளில் போதுமானது. மாநிலத்தைக் கடக்க முயல்வது நெரிசலைக் கூட்டும்.
* காப்பீடு சரிபார்க்கப்படுகிறது. பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் காப்பீடு, சொந்த வண்டியின் வெள்ளச் சேதத்துக்குப் பயன்படாது. அதற்கு விரிவான காப்பீடு தேவை. புயல் நெருங்கியபின் காப்பீட்டு நிறுவனங்கள் புதிய ஒப்பந்தங்களைப் பொதுவாக நிறுத்திவைக்கும்.

எரிபொருளும் பொருட்களும்

பருவம் முழுவதும் தொட்டியில் பாதியளவாவது எரிபொருள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பொதுவான அறிவுரையாகும். மின்சாரம் நின்றால் எரிபொருள் நிலையத்தின் இறைப்பிகளும் நின்றுவிடும். அட்டைக் கருவிகளும் இயங்காமல் போகலாம். எனவே கைப்பணம் வைத்துக்கொள்ளப்படுகிறது. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் (ஏறத்தாழ 3.8 லிட்டர்) குடிநீர், உணவு, மருந்து, கைவிளக்கு, தாள் வரைபடம், கைபேசி மின்னேற்றி, பேட்டரி இணைப்புக் கம்பி, நீர்புகாப் பையில் ஆவணங்கள் ஆகியவை வண்டியில் வைக்கத்தக்கவை.

வண்டியை விட்டுச் செல்லுதல்

வெளியேறாதோரும் வேறு வண்டியில் செல்வோரும் தமது தானுந்தை மேடான இடத்தில், மரங்களுக்கும் மின்கம்பங்களுக்கும் விலகி நிறுத்துகின்றனர். பலமாடி நிறுத்தகத்தில் நடுத்தளங்கள் ஏற்றவை. நிலத்தடித் தளம் முதலில் நீரில் மூழ்கும். மூடிய வண்டிக் கொட்டகைக்குள் எஞ்சினை இயக்கிக் கைபேசிக்கு மின்னேற்றினால் கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிரிழப்பு நேரக்கூடும்.

வெள்ளநீரில் செலுத்துதல்

ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளத்தால் நேரும் இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை வாகனங்களுடன் தொடர்புடையவை. ஓர் அடி (30 செ.மீ.) ஆழ நீர் பல தானுந்துகளை மிதக்கச் செய்யும். இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் பெரிய வாகனங்களையும் அடித்துச் செல்லக்கூடும். நீருக்கடியில் சாலை அரித்துச் செல்லப்பட்டிருப்பதும் மேலிருந்து புலப்படாது. எனவே நீர் மூடிய சாலையைக் கண்டால் திரும்பிவிடுமாறு தேசிய வானிலைச் சேவை வலியுறுத்துகிறது.

புயலுக்குப் பின்

நீரில் மூழ்கிய தானுந்தை உடனே இயக்கிப் பார்த்தல் கூடாது. எஞ்சின் உருளைக்குள் புகுந்த நீர் அமுங்காது என்பதால் இணைப்புத் தண்டுகள் வளைந்துவிடும். கடல்நீரின் உப்பு மின்கம்பிகளை அரிக்கும். 2022இல் இயன் சூறாவளிக்குப் பின் புளோரிடாவில் கடல்நீரில் மூழ்கிய சில மின்தானுந்துகள் நாட்கள் கழித்துத் தீப்பற்றின. ஆகவே அத்தகைய வண்டிகள் கட்டிடங்களிலிருந்து ஏறத்தாழ 50 அடி (15 மீட்டர்) தள்ளி நிறுத்தப்படுகின்றன. வெள்ளத்தில் மூழ்கியவை துப்புரவாக்கப்பட்டு வேறு மாநிலங்களில் விற்கப்படுவதும் உண்டு. எனவே பழைய தானுந்து வாங்குவோர் அதன் உரிமைச் சான்றிதழில் வெள்ளக் குறிப்பு உள்ளதா எனப் பார்ப்பதுடன், கம்பளத்தின் அடியில் படிந்த சேறு, பூஞ்சை வாடை, துரு ஆகியவற்றையும் கவனித்தல் வேண்டும்.