வரி இல்லை, ஆனால் படிவம் உண்டு

பிரான்சில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் பகுதி நேர வேலை பார்க்கிறார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல், மே மாதம் வந்ததும் வருமான வரிப் படிவம் நிரப்ப வேண்டும் என்று யாராவது அவர்களிடம் சொல்கிறார்கள். “வரியே வராது என்கிறார்கள், பிறகு படிவம் எதற்கு?” என்ற கேள்வி அங்கிருந்து புதுச்சேரிக்கு வந்து, கடைசியில் என்னிடம் வருகிறது. பிரெஞ்சில் படித்தவன், குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் காகிதம் என்றால் என் ஞாபகம் வருகிறது போலும். பதில் சொல்லக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

புரட்சிக்குப் பிறகு பிரான்சில் வந்த ஆட்சியாளர்கள் ஒருவனிடம் போய் “உன் வருமானம் என்ன?” என்று கேட்பதைத் தவிர்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்துக் கணக்கிட்டார்கள். 1798-ல் கதவுக்கும் ஜன்னலுக்கும் வரி போட்டார்கள். ஜன்னல் அதிகம் இருந்தால் பணக்காரன்! சனங்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுகள் பெருகின. இந்த வரியை ஒழிக்க 1926 ஆயிற்று.

வருமான வரிக்காகப் பாடுபட்டவர் என்று பெயர் எடுத்தவர் ஜோசப் கயோ. நிதி மந்திரியாக 1907-ல் மசோதா கொண்டு வந்தார். 1909-ல் கீழ்ச்சபை ஒப்புக்கொண்டது. செனட் சபை ஐந்து வருஷம் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. அரசாங்கம் நம் சட்டைப்பையைத் துழாவப் போகிறது என்பது அவர்களுடைய பயம். 1914 மார்ச்சில் ‘ஃபிகாரோ’ பத்திரிகை கயோ 1901-ல் ஒரு பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை வெளியிட்டது. வருமான வரியை ஆதரிப்பதுபோல் காட்டிக்கொண்டே அதை நசுக்கிவிட்டதாக அதில் பெருமை அடித்திருந்தார்! தாக்குதல் மேலும் தொடரும் என்று பயந்த அவர் மனைவி ஆன்ரியெத், மார்ச் 16 அன்று கைத்துப்பாக்கியோடு போய்ப் பத்திரிகை ஆசிரியர் கல்மெத்தைச் சுட்டுக் கொன்றார். கயோ பதவி விலகினார். ஆனால் ராணுவத்துக்குப் பணம் தேவைப்பட்டதால் செனட் இறங்கி வந்தது. 1914 ஜூலை 15-ல் வருமான வரி சட்டமானது. 28-ம் தேதி அந்த அம்மாள் விடுதலை ஆனார். அதே நாளில் ஆஸ்திரியா செர்பியாமீது போர் தொடுத்தது. வரியை வசூலிக்க ஆரம்பித்தது 1916-ல்தான்.

பிரிட்டிஷ் இந்தியா இதில் முந்திக்கொண்டது. ஜேம்ஸ் வில்சன் 1860-லேயே வருமான வரியைப் புகுத்தினார். எதிர்த்துப் பேசிய சென்னை கவர்னர் ட்ரெவெல்யனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இந்திய வருமான வரிச் சட்டம் நம் புதுச்சேரிக்கு வந்ததோ 1963 ஏப்ரல் 1-ல்தான்.

அந்த நாட்டில் படிவத்துக்குப் பெயர் ‘தெக்லராசியோன்’. குழந்தை பிறந்தால் மேரியில் போய்ப் பதிகிறோமே, அதற்கும் இதே சொல்தான். குழந்தை பணம் கட்டுவதில்லை, இருக்கிறது என்று சொல்கிறோம், அவ்வளவுதான். சொல்வது வேறு, கட்டுவது வேறு. 2019 ஜனவரியிலிருந்து வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். இதனால் பிள்ளைகளுக்குக் குழப்பம் கூடிவிட்டது. பிடிக்க வேண்டியதைப் பிடித்தாயிற்று, அல்லது பிடிக்க ஒன்றுமில்லை, நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். பிடித்தம் வந்தது, படிவம் போகவில்லை.

இந்தியாவிலிருந்து போன மாணவர் அங்கே வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். சட்டப்படியான வருஷ வேலை நேரமான 1,607 மணியில் அது 60 சதவீதம். 2024-ன் தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.65 யூரோ. 964 மணியும் உழைத்தால், பிடித்தங்களுக்கு முன் சுமார் 11,230 யூரோ. வருஷம் பிறக்கும்போது 25 வயதைத் தாண்டாத மாணவருக்கு மூன்று மாதக் குறைந்தபட்சச் சம்பளம் வரை வரிவிலக்கு உண்டு. 2024 வருமானத்துக்கு அது 5,301 யூரோ. அதற்கு மேற்பட்டதைத்தான் படிவத்தில் காட்ட வேண்டும். மீதி 6,000 கூட வராது. 2024 வருமானத்தில் தனி ஆளுக்கு முதல் 11,497 யூரோவுக்கு வரி பூஜ்யம். ஆக, எவ்வளவு ஓடியாடினாலும் வரி இல்லை. வீட்டிலிருந்து படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அனுப்பும் பணத்தைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். அது வருமானம் அல்ல, பயம் வேண்டாம்.

பிறகு எதற்குப் படிவம்? அதற்குப் பதிலாக வரித்துறை ‘அவி’ என்று ஒரு காகிதம் அனுப்பும். எங்கள் தெரு நண்பர் ஒருவரின் பேத்தி லியோனில் படிக்கிறாள், மாலையில் ரொட்டிக் கடையில் வேலை. வேறு அறை தேடியபோது வீட்டுக்காரர் கேட்ட காகிதங்களில் சம்பளச் சீட்டுக்குப் பக்கத்தில் அந்த அவியும் இருந்தது. அவளிடம் இல்லை. முந்தைய வருஷம் படிவம் அனுப்பவில்லை, வரி இல்லையே என்று. “தாத்தா, ஒரு காசு கட்டாததற்கு இவ்வளவா?” என்று போனில் அழுகிற குரலில் கேட்டாள். வீடு கிடைப்பது அங்கே வேலை கிடைப்பதைவிடக் கஷ்டம்.

பழைய வருஷத்துக்கும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். முதல் தடவை என்பதால் அவளுக்கு வரி எண் கிடையாது. 2042 என்ற காகிதப் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, வரி அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்தாள். நம் ஊர் சொல்தா பென்ஷன்காரர்களில் சிலர் அந்தப் படிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார்கள், எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

ஆகஸ்டில் அவி வந்தது. கட்ட வேண்டிய தொகை 0 யூரோ. படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். அசலைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.