கொக்கு முட்டையும் பனிப்போரும்

1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சன் மாஸ்கோ போனபோது பத்திரிகைகள் ஏவுகணைப் பேச்சைத்தான் பெரிதாக எழுதின. கூடவே கையெழுத்தான சுற்றுச்சூழல் ஒப்பந்தத்தை யார் கவனித்தார்கள்? எனக்கு அதுதான் பிடிக்கும். அந்த ஒப்பந்தத்தின் வழியில்தான் 1977இல், யகூத்தியாவின் சதுப்பில் எடுத்த சைபீரியக் கொக்கு முட்டைகள், சூடு ஆறாத பெட்டிக்குள் விமானமேறி விஸ்கான்சினின் பராபூவிலுள்ள கொக்குக் காப்பகத்துக்குப் போயின. எடுத்துக் கொடுத்தவர் சோவியத் பறவையியலாளர் விளாதிமிர் ஃபிளின்ட். பொரித்த குஞ்சுகளில் ஒன்றுக்கு விளாதிமிர் என்றே பெயரிட்டார்கள். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில்!

எண்பதுகளில் ராஜஸ்தானின் பரத்பூரில் நான் பார்த்தவை இதே கொக்கின் வேறு கூட்டம். சேற்றில் அலகு நுழைத்துக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தன. மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் தாண்டி வரவேண்டும். வழியில் வேட்டை, போர். 1993இல் இந்தக் கொக்குக்கென்றே பன்னாட்டு உடன்படிக்கை வந்தது. 2002க்குப் பின் பரத்பூருக்கு ஒன்றுகூட வரவில்லை.