படுத்திருப்பவரின் பார்வையில்

மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துகளையும் மருத்துவர்களையும் பற்றியே எழுதுகின்றனர். சுவர், கூரை, சாளரம், விளக்கு என்பவற்றுக்கும் அவ்வரலாற்றில் இடம் உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நோயாளி மருத்துவரைக் காண்பது ஒரு நாளில் சில நிமிடங்களே. எஞ்சிய நேரமெல்லாம் அவர் கண் முன் நிற்பது கூரைதான். கட்டி முடித்த கூரையைப் பிறகு திருத்துவது அரிது. எனவே, கட்டுவதற்கு முன்னரே மாதிரி ஒன்று செய்து பார்த்தல் நலம் அன்றோ? அவ்வாறு செய்து பார்த்த இருவரைப் பற்றி நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலாமவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பொறியியல் வல்லுநர் இஸம்பார்ட் புருனெல். கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்கள், துருக்கி நாட்டு ஸ்குட்டாரியில் இருந்த படைவீரர் குடியிருப்பு ஒன்றில் கிடத்தப்பட்டனர். 1854 நவம்பரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அங்கே சென்று சேர்ந்தார். மருத்துவமனையாகக் கட்டப்படாத அக்கட்டடத்தில் கழிவுநீர் செல்ல நல்வழி இல்லை, காற்றோட்டமும் இல்லை. அக்குளிர்காலத்தில் போர்க் காயத்தால் மாண்டவரினும் நோயால் மாண்டவரே மிகுதி.

1855 பிப்ரவரியில், எடுத்துச் சென்று நிறுவத்தக்க மருத்துவமனை ஒன்றை வகுத்துத் தருமாறு போர்த்துறையினர் புருனெலைக் கேட்டனர். அவர் பேரரங்கு ஒன்றை வரையவில்லை. ஏறத்தாழ ஐம்பது நோயாளிகளுக்குப் போதுமான, இரண்டு கூடங்கள் கொண்ட சிறு மரக்கட்டடம் ஒன்றை வரைந்தார். அதே கட்டடத்தை எத்தனை முறை வேண்டுமாயினும் வரிசையாக நிறுத்தி, நீண்ட நடைபாதையால் இணைக்கலாம் என்பது அவர் திட்டம். ஒவ்வொரு கட்டடத்திற்கும் அதற்கென்றே குளியலிடமும் கழிப்பிடமும் அமைந்தன. வெயில் தாக்காதிருக்க மரத்தின்மேல் மெல்லிய வெள்ளீயத் தகடு போர்த்தப்பட்டது. கையால் சுழற்றும் விசிறி ஒன்று தூய காற்றைத் தரையின் கீழ்க் குழாய் வழியாகக் கூடத்தினுள் செலுத்தியது. கெட்ட காற்றை வெளியே இழுத்தால் கழிப்பிடத்து நாற்றமும் உள்ளே வந்துவிடும். ஆதலின் நல்ல காற்றை உள்ளே தள்ள வேண்டும் என்று அவர் சிந்தித்தார்.

இத்தனையும் எழுதியபின் புருனெல் செய்த ஒரு செயலையே நான் பெரிதாக மதிக்கிறேன். கப்பலில் ஏற்றுவதற்கு முன், லண்டன் பாடிங்டனில் மாதிரிக் கூடம் ஒன்றை எழுப்பிப் பார்த்தார். வரைபடத்தில் பொருந்துவன எல்லாம் மரத்திலும் பொருந்தும் என்று அவர் நம்பிவிடவில்லை.

டார்டனெல்ஸ் நீரிணையின் கரையில், ரெங்கியோய் என்னும் இடத்தில் நிறுவப்பெற்ற அம்மருத்துவமனை 1855 அக்டோபரில் நோயாளிகளை ஏற்றது. அங்கே மருத்துவம் பெற்ற ஏறத்தாழ 1,300 பேரில் 50 பேரே இறந்தனர். இப்பெருமை முழுவதையும் கட்டடத்திற்கே அளித்துவிடுதல் முறையன்று. செவஸ்தபோல் கோட்டை அதற்கு முந்திய மாதமே வீழ்ந்துவிட்டது. கடும்போர் ஓய்ந்த காலத்தில் வந்த நோயாளிகள் அவர்கள். ஆயினும், காற்றும் நீரும் தூய்மையும் உயிர் காக்கும் என்பதை மரத்தாலான அக்கூடங்கள் கண்கூடாகக் காட்டின.

மாதிரி செய்தல் ஒன்று; அம்மாதிரியை யாருடைய இடத்திலிருந்து பார்ப்பது என்பது மற்றொன்று. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் மாதிரிப் பாடம் நடத்துவது வழக்கம். உடன் பயில்வோர் மாணவராய் அமர்ந்திருந்து, பாடம் முடிந்தபின் குறைகளைக் கூறுவர். கடைசி வரிசையில் சென்று அமர்ந்து கரும்பலகையைப் பார்க்கும்படி எங்கள் ஆசிரியர் பணிப்பார். எழுத்தின் அளவு, சாளரத்து ஒளி பலகையில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தல், குரலின் எட்டம் ஆகியவை அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும். மருத்துவமனையில் அந்தக் கடைசி வரிசை, நோயாளியின் படுக்கை.

அப்படுக்கையிலிருந்து பார்த்தவர் பின்லாந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ. பைமியோ என்னும் ஊரில் காசநோய் மருத்துவமனை அமைக்கும் பணி 1929இல் அவருக்குக் கிடைத்தது. காசத்தை முறிக்கும் மருந்து தோன்றாத காலம் அது. ஒளியும் காற்றும் ஓய்வுமே மருந்து. சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928இல் எழுந்த சானடோரியமும் அக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டது. நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், படுத்திருந்தனர்.

நாம் கட்டும் அறைகள் எல்லாம் நிற்பவருக்கும் நடப்பவருக்கும் ஏற்றவை. நோயாளியோ கிடப்பவர் என்பதை ஆல்ட்டோ உணர்ந்தார். சோதனை அறை ஒன்றை அமைத்து ஒளி, வெப்பம், நிறம், ஓசை ஆகியவற்றை ஆராய்ந்தார். அதன் பயனாக, கூரைக்குக் கண்ணுக்கு இதமான பசுமை நிறம் பூசப்பட்டது. விளக்கு, படுத்திருப்பவரின் பார்வையில் படாத இடத்திற்கு மாறியது. கூரையிலிருந்து வரும் வெப்பம் தலையில் படாமல் காலில் படுமாறு அமைந்தது. ஓர் அறையில் இருவர் இருந்தமையால், ஒருவர் கை கழுவும் ஓசை மற்றவர் உறக்கத்தைக் கெடுக்கலாகாது என்று கருதி, நீர் சாய்வாக விழுந்து ஓசையடங்கும் தொட்டியை வகுத்தார். மரத்தை வளைத்துச் செய்த சாய்வு நாற்காலியோ, அமர்ந்திருப்பவர் எளிதில் மூச்சுவிடத் துணை செய்தது. 1933இல் அம்மருத்துவமனை திறக்கப்பெற்றது.

இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பது அன்று. விளக்கை ஓர் இடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றுவதற்கு வேண்டியது பணமன்று; அவ்விளக்கின் கீழ்ப் படுத்துப் பார்க்கும் பொறுமையே. மாதிரி அறையில் காணும் குறையை ஒரே நாளில் திருத்திவிடலாம். நூறு அறைகளைக் கட்டி முடித்தபின் காணும் குறையை நோயாளிகளே பல்லாண்டுகள் சுமப்பர். வலியோடு படுத்திருக்கும் அவர்கள் அதை எடுத்துச் சொல்லும் நிலையிலும் இருப்பதில்லை.

ஆதலின், நம் ஊர்களில் புதிய மருத்துவமனை எழுப்புவோர், முதலில் ஓர் அறையை மட்டும் அமைக்கட்டும். அதில் ஓர் இரவு படுத்து, கூரையைப் பார்த்து, மின்விசிறியின் ஓசையைக் கேட்டு, இருளில் எழுந்து கழிப்பிடம்வரை நடந்து பார்க்கட்டும். பிறகு மற்ற அறைகளைக் கட்டலாம்.