ஓராண்டு ஏற்பாடு, 43 ஆண்டு ஆயுள்

திருப்பூரில் 1990களில் பனியன் ஏற்றுமதி செய்த யாரிடமாவது 'கோட்டா' என்று சொல்லிப் பாருங்கள். கல்லூரி சீட் அவர் நினைவுக்கு வராது. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ இத்தனை உருப்படி அனுப்பலாம் என்ற அனுமதிதான் வரும். ஆர்டர் கையில் இருக்கும், துணி தயாராக இருக்கும், கோட்டா இல்லையென்றால் பெட்டி கப்பலேறாது. இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது எடுத்த குறிப்புகள் இவை.

1947இல் 23 நாடுகள் ஜெனீவாவில் காட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்தியாவும் இலங்கையும் அந்த முதல் வரிசையிலேயே உண்டு. ஒப்பந்தத்தின் அடிப்படை எளிமையானது. ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை எல்லா உறுப்பினருக்கும் கொடு (1வது பிரிவு). இறக்குமதியைத் தடுக்க வேண்டுமா, வரி போடு; 'இத்தனைதான் வரலாம்' என்று எண்ணிக்கையில் வேலி கட்டாதே (11வது பிரிவு). விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால் அடுத்த நாட்டுச் சட்டை மலிவாக இருக்கிறது என்பது அதில் ஒன்றல்ல.

1950களில் ஜப்பானின் மலிவான பருத்தி ஆடைகள் அமெரிக்கக் கடைகளில் குவிந்தன. அமெரிக்கத் தென்மாநில ஆலைகள் கொதித்தன. 1957இல் ஜப்பானே 'தானாக முன்வந்து' ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டது. (அந்த 'தானாக' எப்படி வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) ஜப்பான் விட்ட இடத்தை ஹாங்காங் பிடித்தது. 1961இல் அதிபர் கென்னடிக்கு ஒரு சிக்கல். உலக வர்த்தகத்தைத் திறந்துவிடும் புதிய சட்டத்துக்கு அவருக்குத் தென்மாநில உறுப்பினர்களின் ஓட்டு வேண்டும். அதற்கான விலை, துணிக்குத் தனி வேலி. வர்த்தகத்தைத் திறக்கும் சட்டத்துக்காக வர்த்தகத்தை மூடும் ஓர் ஏற்பாடு!

அந்த ஏற்பாட்டுக்குக் 'குறுகிய கால ஏற்பாடு' என்றே பெயர். பருத்திக்கு மட்டும், 1961 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்கு. 1962இல் அது ஐந்தாண்டு 'நீண்ட கால ஏற்பாடு' ஆனது. பிறகு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு. 1974இல் கம்பளியும் செயற்கை இழையும் சேர்ந்து 'பல இழை ஒப்பந்தம்' ஆயிற்று. எனக்கு உறுத்துவது இதுதான்: இதெல்லாம் காட்டுக்கு வெளியே திருட்டுத்தனமாக நடக்கவில்லை. அதன் குடையின் கீழேயே, ஜெனீவாவிலேயே பேசி, அதே அமைப்பின் கண்காணிப்புக் குழுவோடு நடந்தது. பணக்கார நாடுகள் தங்களுக்குள் இந்த வேலியைக் கட்டிக்கொள்ளவில்லை. ஏழை நாடுகளுக்குத்தான், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வோர் எண்ணிக்கை.

அமெரிக்கப் பட்டியலில் 338 என்றால் ஆண்களுக்கான பருத்திப் பின்னல் சட்டை. இப்படி ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண், ஓர் உச்சவரம்பு. அனுமதி அளவாகக் கிடைத்தால் அதற்கே விலை வந்துவிடும் இல்லையா? ஹாங்காங்கில் கோட்டாவை வெளிப்படையாக வாங்கி விற்றார்கள். இந்தியாவில் ஏற்றுமதிக் கவுன்சில் பெரும்பகுதியை முந்தைய ஆண்டுகளின் ஏற்றுமதியை வைத்துப் பிரித்தது. அதனால் பழைய ஆட்களுக்கு மெஷினை ஓட்டாமலே கோட்டாவை விற்றுக் காசு பார்க்க வழி இருந்தது. புதிதாக வந்தவர் அதை வாங்கித்தான் தைக்கணும்.

கொரியாவின் தேவூ நிறுவனத்துக்கும் இதே நெருக்கடி. கோட்டா இல்லாத நாடு ஒன்று வேண்டியிருந்தது. 1978இல் வங்கதேசத்தின் தேஷ் கார்மெண்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டது. 130 வங்கதேசத்தவர் கொரியா போய்த் தையலும் தொழிற்சாலை நிர்வாகமும் கற்றுத் திரும்பினார்கள். 1987க்குள் அவர்களில் 115 பேர் தேஷை விட்டு விலகியிருந்தார்கள். பலர் போய்ச் சேர்ந்தது புதிதாக முளைத்த கார்மெண்ட்ஸ்களில். அங்கே ஒரு தொழிலே பிறந்தது. அதைத் தடுக்க 1985இல் அமெரிக்கா வங்கதேசத்துக்கும் கோட்டா போட்டது.

1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்தபோது, பத்தாண்டில் வேலியைப் பிரிப்பதாக உடன்பாடு. முதலில் 16 சதவீதம், 1998இல் 17, 2002இல் 18, மீதி 49 சதவீதம் கடைசி நாளில். எதை எப்போது விடுவிப்பது என்பது இறக்குமதி செய்யும் நாட்டின் இஷ்டம். பட்டியலில் பாராசூட்டும் குடையும்கூட இருந்தன! கோட்டாவே இல்லாத சரக்குகளை முதலில் 'விடுவித்து' சதவீதக் கணக்கை நிரப்பினார்கள். சட்டையும் பேண்ட்டும் பெரும்பாலும் கடைசி நாளுக்கே மிஞ்சின.

2005 ஜனவரி 1, கோட்டா ஒழிந்தது. அந்த ஆகஸ்டிலேயே ஐரோப்பியத் துறைமுகங்களில் 7 கோடிக்கு மேற்பட்ட சீன ஆடைகள் தேங்கி நின்றன. சீனாவுக்கு மட்டும் மீண்டும் உச்சவரம்பு போட்டிருந்தார்கள். வங்கதேசம் விழுந்துவிடும் என்று எல்லாரும் கணித்தார்கள், அது விழவில்லை. மலிவான கூலி இருந்தது, 2001 முதல் ஐரோப்பாவில் வரியில்லா நுழைவும் இருந்தது. விழுந்தது நேபாளம். கடலில்லாத நாடு, சரக்கு கொல்கத்தா வழியாகத்தான் கப்பலேற வேண்டும். அமெரிக்க ஆர்டர்கள் கரைந்தன, காத்மாண்டுவின் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த ஆலைகளை அங்கே கொண்டுவந்ததும் பெருமளவுக்கு அதே கோட்டாதான்.