ஸ்ட்ரீக் உடைஞ்சா மனசும் உடையணுமா? மனநல ஆப்களின் சைக்காலஜி!

தியானத்துக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணு, மூட் டிராக் பண்ண ஒண்ணு... உங்க போன்லயும் இப்படி ஏதாவது ஒரு மனநல ஆப் இருக்கலாம். கடைசியா எப்போ திறந்தீங்க? ஞாபகம் இல்லைன்னா பரவாயில்லை, நீங்க தனி ஆள் இல்லை. 93 மனநல ஆப்களின் பயன்பாட்டை அலசிய ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. அவற்றில் பாதி ஆப்களை 30-வது நாளில் திறந்தவர்கள், 100-க்கு 4 பேர்கூட இல்லை!

அதனால்தான் நம்மைத் தக்கவைக்க, டிசைனர்கள் படத்தையும் நிறத்தையும் கையில் எடுக்கிறார்கள். 'டேலியோ' ஆப்பில் அன்றைய மூடைப் பதிவு செய்தால், அந்த நாள் ஒரு கலர் கட்டமாகும். இப்படி மொத்த வருஷத்தையும் ஒரே படத்தில் பார்க்கலாம். 'ஃபின்ச்' ஆப்பில் தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலையை முடித்தால்கூட, உங்க குட்டிப் பறவைக்கு எனர்ஜி ஏறும்.

படத்துக்கு ஏன் இவ்வளவு பவர்?

ஜிம்முக்குப் போனால் கொஞ்ச நாளில் கண்ணாடியில் தெரியும். மூச்சுப்பயிற்சி பண்ணினால் எதில் தெரியும்? அந்தக் குறையைத்தான் படம் தீர்க்கிறது.

2006-ல் வெளியான ஓர் ஆய்வில், கார் வாஷ் வாடிக்கையாளர்களில் சிலருக்கு 8 கட்டம் உள்ள கார்டு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 10 கட்டம். ஆனால், அதில் 2 கட்டத்தில் முன்பே முத்திரை இருந்தது. எல்லாருக்குமே தேவை 8 முத்திரைதான். முதல் குழுவில் 19 சதவிகிதம் பேர் கார்டை முடித்தார்கள். இரண்டாவது குழுவில் 34 சதவிகிதம் பேர்! 'கொஞ்ச தூரம் வந்துட்டோம்' என்று கண்ணால் பார்த்தாலே ஆர்வம் கூடும்.

சிக்கல் எங்கே?

இதே டெக்னிக்தான் ஸ்ட்ரீக். '41 நாள் தொடர்ச்சி' என்று காட்டி, ஒருநாள் விட்டால் பூஜ்ஜியம் ஆக்கிவிடும். மொழி கற்கும் ஆப்பில் இது விளையாட்டு. மனநல ஆப்பில் அப்படியில்லை. கட்டிலை விட்டு எழவே முடியாத நாளில்தான் ஒருவர் ஆப்பைத் தவறவிடுவார். அந்த நாளில்போய், 'உன் கணக்கு பூஜ்ஜியம்' என்றால்?

'முழுசா பண்ணணும், இல்லைன்னா எல்லாமே வேஸ்ட்' என்ற எண்ணத்தை மாற்றத்தான் சிபிடி சிகிச்சையில் பயிற்சி தருகிறார்கள். ஸ்ட்ரீக் அதே எண்ணத்தைத் திரும்பக் கற்றுக்கொடுக்கிறது. ஃபின்ச் பறவையோ, நீங்க நாலு நாள் வராவிட்டாலும் சாகாது.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள், நீடிக்கும் உந்துதலுக்கு மூன்று விஷயங்கள் வேண்டும் என்கிறார்கள்: 'நானே முடிவு பண்றேன்', 'என்னால முடியுது', 'எனக்கு மனுஷங்க இருக்காங்க'. பயமுறுத்தும் ஆப், முதல் இரண்டையும் பறித்துவிடும்.

உங்க ஆப்பை செக் பண்ணுங்க!

* ஒருநாள் விட்டால் பூஜ்ஜியம் காட்டுதா, 'இந்த மாசம் 19 நாள் வந்திருக்கீங்க' என்று மொத்தக் கணக்கு காட்டுதா? இரண்டாவதுதான் நல்லது.

* சோகமான நாளுக்கு எச்சரிக்கைச் சிவப்பா? சோகமா இருக்கிறதே தப்புன்னு தோண வைக்கும். வசதி இருந்தால் கலரை மாத்திடுங்க.

* படம் உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுதா? 'ஞாயிற்றுக்கிழமை ஆனாலே டல்லாகிடுறேன்' என்று தெரிந்தால், அது தகவல். வெறும் பேட்ஜ் என்றால், அது மிட்டாய்.

* நோட்டிஃபிகேஷனை எப்போது அனுப்ப வேண்டும் என்பதை நீங்க முடிவு பண்ண முடியுதா?

ஆப் ஒரு துணைதான், சிகிச்சை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனமாகவே இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்க. உடனே பேசணும் என்றால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கலர் கட்டங்களையும் காட்டுங்க. 'எப்போ இருந்து இப்படி இருக்கு?' என்ற முதல் கேள்விக்குப் பதில் உங்க போன்லயே ரெடியா இருக்கும்.