வீம்பு வழக்கும் ஒரு பழைய மதராஸ் சட்டமும்

"கோர்ட்டுக்குப் போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான்"னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. பக்கத்து வயல்காரர் வரப்புக்காக என்மேல வழக்குப் போட்டப்பதான் அதோட அர்த்தம் எனக்கு விளங்குச்சு. பட்டா, சர்வே வரைபடம் எல்லாம் என் பக்கம். ஆனாலும் ஆறு வருசம் அலைஞ்சேன். நடவு அன்னைக்கு வாய்தா, அறுப்பு அன்னைக்கு வாய்தா. கடைசியில வழக்கு தள்ளுபடி. அடுத்த மாசமே அவர் தம்பி பேர்ல அதே வரப்புக்கு இன்னொரு வழக்கு.

"இப்படி வழக்கு மேல வழக்குப் போடறவங்களுக்குன்னே ஒரு பழைய மதராஸ் சட்டம் இருக்குங்க"ன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னார். தேடிப் படிச்சேன்.

கதை லண்டன்ல ஆரம்பிக்குது. அலெக்ஸாண்டர் சாஃபர்ஸ்னு ஒருத்தர், அவரே வக்கீல் தொழில் பார்த்தவர். 1890-களில் இளவரசர், சபாநாயகர்னு பெரிய ஆட்கள் மேல 40-க்கும் அதிகமான வழக்குப் போட்டார். அநேகமா எல்லாமே தோல்வி. அந்தத் தொல்லையிலதான் 1896-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது.

அதே அச்சுல 1949-ல் மதராஸ் மாகாணம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒருத்தர் நியாயமான காரணம் இல்லாம வழக்குப் போடறதையே வழக்கமா வச்சிருந்தா, அரசோட அட்வகேட் ஜெனரல் ஹைகோர்ட்ல மனு போடலாம். அந்த ஆளோட பேச்சையும் கேட்டுட்டுத்தான் கோர்ட் உத்தரவு போடும். அதுக்கப்புறம் சென்னையில ஹைகோர்ட், மத்த இடங்கள்ல மாவட்ட நீதிபதி அனுமதி கொடுத்தாத்தான் அவர் புது வழக்குப் போட முடியும். உத்தரவு அரசிதழ்லயும் வரும்.

"கோர்ட்டுக்குப் போற உரிமையைப் பறிக்குது"ன்னு இதை எதிர்த்தாங்க. சட்டம் செல்லும்னு 1965-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எனக்கும் அது சரின்னுதான் படுது. கதவை அடைக்கலையே, வாசல்ல ஒரு ஆளைத்தானே நிறுத்தினாங்க? மொத்தமா அடைச்சா, நாதியத்த குத்தகைக்காரன் நாளைக்கு எங்க போவான்?

ஆனா, ஒண்ணு ரெண்டு வழக்குக்கு இந்தச் சட்டம் உதவாது. அதுக்கு 1908-ம் வருச உரிமையியல் நடைமுறைச் சட்டம் இருக்கு. வழக்குக்கான காரணமே மனுவுல இல்லைன்னா, ஆரம்பத்துலயே நிராகரிக்கலாம். வீம்பு வழக்கை முளையிலேயே கிள்ளணும்னு 1977-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கீழ்க்கோர்ட்டுகளுக்குக் கண்டிப்பாச் சொன்னார். பொய் வழக்குக்கு நஷ்டஈடும் உண்டு. ஆனா சாதாரண வழக்குல அதுக்கு உச்சவரம்பு 3,000 ரூபாய். ஆறு வருசம் பஸ்ஸுக்குக் கொடுத்த காசுக்கே பத்தாது!

நகரத்துல இருக்கறவங்க, "பொய் வழக்குதானே, தானா தோத்துப்போகும்"னு நினைக்கலாம். போடறவருக்கு ஜெயிக்கணும்னு அவசியமே இல்லைங்க. நம்மளை அலைய வச்சாப் போதும்.

ரெண்டாவது வழக்கை ஆரம்பத்துலயே நிராகரிக்கச் சொல்லி மனு போட்டிருக்கோம். வாய்தா தை 20-ல. அன்னைக்குத்தான் அறுப்புக்கும் ஆள் சொல்லியிருக்கேன்.